அஞ்சலில் வந்த செவிலியர் பட்டம்

கொச்சியில் குடியேறி வாழும் தமிழர் எவர்க்கும் பிராட்வே என்னும் கடைத்தெருவை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மட்டாஞ்சேரிக் கரையில் படகேறிக் காயலைக் கடந்து, எர்ணாகுளம் படகுத்துறையில் இறங்கி, வடக்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால் அத்தெரு வந்துவிடும். பெயருக்குப் பொருள் 'அகன்ற வழி' என்பதாம். மாலை நேரத்தில் அங்கே தோளோடு தோள் உரசாமல் நடந்தவர் எவரும் இலர்; ஆதலின் அப்பெயரைக் கேட்டு நகைப்பவரும் உண்டு. துணி, குடை, பாத்திரம், நோட்டுப் புத்தகம் என எதைத் தேடினும் கிடைக்கும். மகாராஜா கல்லூரியும், அதற்கு அணித்தாக உள்ள அரசினர் பொது மருத்துவமனையும் அங்கிருந்து தொலைவில் இல்லை. ஆகவே அத்தெருவின் நெரிசலில் மாணவரும் மருத்துவமனை ஊழியரும் எக்காலத்தும் கலந்திருப்பர்.

அவ்வூழியருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள்ளும் மிகுதியானோர் மூன்றாண்டுப் பட்டயம் பெற்ற நர்ஸுகள். பள்ளியிறுதி முடித்து, மருத்துவமனையோடு இணைந்த பயிற்சிப் பள்ளியில் பயின்று, அரசாங்கப் பதிவேட்டில் பெயர் பதிந்து, பத்தொன்பது இருபது வயதில் வேலைக்கு வந்தவர்கள். பத்தாண்டு பணி செய்த பின்னரும் அவர்கள் முன் ஒரு கதவு அடைத்தே கிடக்கிறது. அக்கதவின் பெயர் பட்டம். பட்டமில்லாதவர் செவிலியர் கல்லூரியில் ஆசிரியராக முடியாது. முதுகலை பயில முடியாது. அயல்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றிற்கு விண்ணப்பம் போடவும் முடியாது. பட்டம் பெறலாம் என்றாலோ, வேலையை விட்டுக் கல்லூரியில் சேர வேண்டும். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் பெண் வேலையை விடுவது எங்ஙனம்? இக்கேள்விக்கு உலகம் சொல்லிவந்த விடைகளின் வரலாற்றையே இவ்வுரையில் கூற முற்படுகிறோம். பிறமாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில் இத்தொழிலை மேற்கொண்ட மகளோ மருமகளோ இருப்பது இன்று அரிதன்று. ஆதலின் இது நம் வீட்டுச் செய்தியுமாகும்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு 'நர்ஸ்' என்னும் சொல் எப்பொழுதும் சிறு தொல்லை தருவது. தமிழகத்தில் 'செவிலியர்' என்கிறோம். இலங்கைத் தமிழர் 'தாதியர்' என்பர். கொச்சி மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. செவிலி என்பாள் பண்டை அகப்பாட்டுகளில் தலைவியை எடுத்து வளர்த்த தாய். தோழியைப் பெற்றவளும் அவளே. ஈன்றவள் அல்லள், ஆயினும் வளர்த்தவள். பிறர் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளைபோல் பேணுகிறவளுக்கு அமைந்த அப்பெயர் நோயாளியைப் பேணுகிறவர்க்கும் நன்கு பொருந்திவிட்டது. ஆனால் இப்பொழுது 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்றொரு பதவிப்பெயர் உலகெங்கும் வழங்குகிறது. நோயாளியைச் சோதித்து, நோய் இன்னதென்று கண்டு, வரையறுத்த எல்லைக்குள் மருந்தும் எழுதித்தரும் உரிமை பெற்ற செவிலியர் என்பது அதன் பொருள். இதனைத் தமிழில் ஒரே சொல்லாக்க முயன்றோர் பலர். மனம் நிறைந்தோர் இலர். நாமும் இவ்வுரையில் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்கிறோம்.

நவீன செவிலியக் கல்வியின் தாய் என்று போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இந்தியாவை ஒருநாளும் கண்டவரல்லர். எனினும் இந்தியாவைப் பற்றி அவர் அறிந்த அளவு இந்நாட்டை ஆண்ட அதிகாரிகளுள் பலர் அறிந்திலர். கிரிமியப் போரிலிருந்து திரும்பியபின் நோயுற்று லண்டனில் அறைக்குள்ளேயே பெரும்பொழுது கழித்த அவர், இந்தியாவின் படைநிலையங்கள் யாவற்றுக்கும் வினாத்தாள்கள் அனுப்பச் செய்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஓர் அறையில் எத்தனை வீரர் உறங்குகின்றனர் என்பன போன்ற வினாக்கள் அவை. கப்பலில் வந்த விடைகளைத் தொகுத்து 1863ஆம் ஆண்டில் வெளிவந்த அரசாங்க அறிக்கை 2,000 பக்கங்களுக்கு மேற்பட்டது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையில் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 பேர் மடிந்தனர் என்பதும், அவர்களைக் கொன்றது பகைவர் வாள் அன்று, அழுக்கு நீரும் காற்றில்லாக் கொட்டடியும் என்பதும் அதனால் விளங்கின. தொலைவிலிருந்தே ஒரு நாட்டைப் பயில முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அவ்வம்மையாரே 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளியைத் தொடங்கியபோது, அஞ்சல்வழிப் பாடம் என்ற பேச்சுக்கே இடந்தரவில்லை. பயில வந்த பெண்கள் மருத்துவமனையிலேயே தங்கி, நோயாளியின் படுக்கையருகே நின்று ஓராண்டு கற்றனர். படுக்கையை விரிப்பதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும், நோயாளியின் மூச்சையும் முகத்தையும் கவனிப்பதும் நூலில் கற்கும் கலைகளல்ல என்பது அவர் கொள்கை. சுகாதாரக் கணக்கு தொலைவிலிருந்து கற்கத்தக்கது, நோயாளியைத் தொடும் தொழில் அத்தகையதன்று என்று வேறுபடுத்திக் கண்ட அந்நுட்பம் இவ்வரலாறு முழுவதற்கும் அளவுகோலாக நிற்கிறது.

நம் நாட்டில் இக்கல்வி முதலிற் காலூன்றிய இடங்களுள் சென்னை ஒன்று. 1871இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மருத்துவச்சிகளுக்கான ஆறுமாதப் பயிற்சி அது. முதலிற் சேர்ந்தவர் நால்வரே. 1926இல் செவிலியர்க்கும் மருத்துவச்சியர்க்கும் பதிவுமன்றம் அமைக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909 முதலே செவிலியர் பயிற்சி நடைபெற்று வந்தது. இவ்வளவும் இருந்தும் நாட்டின் தேவைக்கு முன் இவை கடலில் கரைத்த பெருங்காயமே. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரே ஒரு செவிலியர்தாம் உள்ளார் என்று கணக்கிட்டது. (இக்குழுவின் பெயருக்கும் போருக்கும் தொடர்பில்லை, அதன் தலைவர் சர் ஜோசப் போர்.) அதே 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியத்தில் பி.எஸ்ஸி. பட்ட வகுப்பு தொடங்கிற்று. வேலூர்க் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், தில்லிக் கல்லூரி தில்லிப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்திருந்தன. செவிலியர் தொழில் பட்டத்திற்குரியது என்பதை இந்தியா ஏற்றுக்கொண்ட ஆண்டு அது.

இங்கே ஒரு சிக்கல் பிறந்தது. பட்ட வகுப்பு புதிதாகப் பள்ளி முடித்து வருவோர்க்கு ஏற்பட்டது. முன்னரே பயிற்சி பெற்று வார்டுகளில் பணிபுரிந்த ஆயிரக்கணக்கானோர் கதி என்ன? பட்டதாரிப் பெண் நேற்று வந்தவர். பட்டயம் பெற்றவரோ பத்தாண்டு அனுபவம் உடையவர். அனுபவமுள்ளவர் கற்பிக்க, கற்றவர் மேற்பதவி பெறும் வேடிக்கை பல மருத்துவமனைகளில் நிகழ்ந்தது. இதற்குப் பரிகாரமாக, பதிவுபெற்ற செவிலியர் மேலும் ஈராண்டு பயின்று பட்டம் பெறும் வகுப்பை இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கியது கேரளம். திருவனந்தபுரத்துச் செவிலியர் பள்ளி 1963இல் அதனை ஏற்படுத்திற்று. நல்ல ஏற்பாடு, ஆனால் ஈராண்டு வேலையை விட்டு அங்கே சென்று தங்க வேண்டும். அரசாங்க ஊழியர்க்குப் படிப்பு விடுப்பு கிடைக்கலாம். தனியார் மருத்துவமனையில் இருப்பவர்க்கு விடுப்பு என்பதே வேலை நீக்கத்திற்கு இன்னொரு பெயர்.

கேரளத்துச் செவிலியர் வரலாறு தெரிந்தோர்க்கு இதன் கொடுமை நன்கு விளங்கும். 1960களிலேயே அந்நாட்டு இளம்பெண்கள் மேற்கு ஜெர்மனி வரை சென்று மருத்துவமனைகளில் உழைத்தனர். பின்னர் வளைகுடா நாடுகள். பின்னர் இங்கிலாந்தும் அயர்லாந்தும் அமெரிக்காவும். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் கேரளமெங்கும் உள்ளன. உள்நாட்டிலேயே தங்கியவர் நிலை வேறு. 2011, 2012 ஆண்டுகளில் கேரளத் தனியார் மருத்துவமனைச் செவிலியர் கூலி உயர்வு கோரித் தெருவில் இறங்கினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 ஜனவரியில் அம்மன்றம் இட்ட ஆணையின்படி அமைந்த குழு, மிகச்சிறிய தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் ஊதியம் தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அத்தொகையைக் குழு வைத்துப் பரிந்துரைக்க வேண்டியிருந்ததென்றால், அதற்கு முன்னர் பெற்றுவந்தது யாதென்று நாம் ஊகிக்கலாம். அவ்வூதியத்தில் கடன் அடைத்து, வீட்டுக்கு அனுப்பி, மிச்சம் பிடித்து, ஈராண்டு ஊதியமின்றிப் படிப்பது ஆகிற காரியமா?

இனி அஞ்சல்வழிக் கல்வியின் பக்கம் திரும்புவோம். இது செவிலியர்க்காகப் பிறந்ததன்று. 1840இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்துப் பாடங்களை அஞ்சலில் மாணவர்க்கு அனுப்பித் திருத்தித் தந்தார். அவ்வாண்டில்தான் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் செல்லும் ஏற்பாடு வந்திருந்தது. 1858 முதல் லண்டன் பல்கலைக்கழகம் எங்கே பயின்றவரும் தன் தேர்வை எழுதலாம் என்று கதவைத் திறந்தது. நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் பட்டத்தைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அவ்வழியைப் பின்பற்றின. பம்பாயிலும் தில்லியிலும் அலுவலகப் பணிபுரிந்துகொண்டே சிதம்பரத்திலிருந்து வந்த பாடப்பொதிகளைப் படித்துப் பட்டம் பெற்ற தமிழர் எத்துணையோ பேர். இதனைப் படிக்கும் அன்பருள்ளும் சிலர் இருத்தல் கூடும்.

வானொலிக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1963 செப்டம்பரில், அதாவது திருவனந்தபுரத்து வகுப்பு தொடங்கிய அதே ஆண்டில், பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன் கிளாஸ்கோ நகரில் பேசுகையில் 'வான்வழிப் பல்கலைக்கழகம்' ஒன்றைப் பற்றிக் கூறினார். வானொலியும் தொலைக்காட்சியும் விரிவுரை மண்டபமாகும் என்பது அவர் கனவு. அவர் பிரதமரானபின் ஜென்னி லீ என்ற பெண் அமைச்சரின் விடாமுயற்சியால் அக்கனவு திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக 1969இல் உருப்பெற்று, 1971இல் முதல் மாணவரை ஏற்றது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஐதராபாதில் 1982இலும், நாடு முழுமைக்குமாகத் தில்லியில் 1985இலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. தில்லியில் தோன்றியது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 'இக்னோ' என்று எல்லோரும் அழைப்பது அதனையே. பிராட்வேயிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றடையும் கலூரில் அதன் கொச்சி மண்டல மையம் அமைந்தது.

வரலாறும் பொருளியலும் அஞ்சலில் கற்பிக்கலாம், செவிலியம் எங்ஙனம்? இக்னோ 1991இல் நலவாழ்வு அறிவியலுக்கென ஒரு தனித்துறை அமைத்து, 1994இல் பதிவுபெற்ற செவிலியர்க்கான பி.எஸ்ஸி. பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியாகத் தொடங்கியது. அதன் அமைப்பை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஏனெனில் நைட்டிங்கேல் அம்மையார் கண்ட வேறுபாடு அதில் அப்படியே பதிந்திருக்கிறது.

யாரும் சேர்ந்துவிட முடியாது என்பதே அதன் முதல் விதி. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றுச் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் பதிவுசெய்து, பணியில் இருப்பவராக இருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் பட்டயம் பெற்றவர்க்கு ஈராண்டு அனுபவமும், பத்தாம் வகுப்போடு பட்டயம் பெற்றவர்க்கு ஐந்தாண்டு அனுபவமும் கேட்கப்பட்டன. மருத்துவச்சிப் பயிற்சி பெறாத ஆண் செவிலியர் அதற்கு ஈடாக வேறொரு துறையில் சிலமாதப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். நுழைவுத் தேர்வும் உண்டு. சேர்ந்தபின் பாடநூல்கள் அஞ்சலில் வரும். இரவுப் பணியில் வார்டு அடங்கிய வேளையிலோ, வீட்டில் குழந்தை உறங்கிய பின்னரோ அவற்றைப் படிக்கலாம். ஒப்படைப்புகளை எழுதி அனுப்பினால் திருத்தம் பெற்று வரும். இவ்வளவும் தொலைவில் நிகழ்வன. ஆனால் செய்முறைப் பயிற்சிக்கு, செவிலியர் கல்லூரி ஒன்றில் அமைந்த கற்றல் மையத்திற்குக் குறித்த நாட்களில் நேரிற் சென்றாக வேண்டும். அங்கே வருகை கட்டாயம். எஞ்சிய செய்முறைகளைத் தாம் பணிபுரியும் மருத்துவமனையிலேயே செய்து, குறிப்பேட்டில் பதிந்து, மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வோடு நோயாளியை வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வும் உண்டு. கல்லூரியில் ஈராண்டில் முடியும் படிப்பு இங்கே மூன்றாண்டுக்குக் குறையாது.

இவ்வேற்பாட்டின் நுட்பம் யாதெனில், படுக்கையருகே முன்னரே நிற்பவரிடம் நூலை அனுப்பியதே. நூலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைப் படுக்கையருகே கொண்டுபோய் நிறுத்த அது முயலவில்லை. பிராட்வேயில் குறிப்பேடும் எழுதுகோலும் வாங்கிக்கொண்டு மட்டாஞ்சேரிப் படகில் வீடு திரும்பும் ஒரு செவிலியர்க்கு, வார்டே வகுப்பறையாகிவிடுகிறது. இதில் குறையும் இல்லாமலில்லை. பாடநூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. பட்டயப் படிப்பை எப்படியோ தட்டுத்தடுமாறி முடித்தவர்க்கு அவை சுமை. செய்முறை நாட்களுக்கு முறைமாற்றம் தர மறுக்கும் மேலாளர் உண்டு. நுழைவுத் தேர்வில் இடம் கிடையாமல் ஆண்டுகள் காத்திருந்தோரும் உண்டு. குடும்பம், பணி, படிப்பு என்னும் மூன்றையும் ஒருவர் தலையில் ஏற்றுவதை 'நெகிழ்வு' என்று அழைப்பது சிறிது மிகையென்றே நமக்குத் தோன்றுகிறது. வளைவது படிப்பன்று, படிப்பவள் முதுகு.

நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் பதவி அமெரிக்காவில் பிறந்தது. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்டு என்ற செவிலியப் பேராசிரியையும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, கிராமப்புறக் குழந்தைகளைச் செவிலியரே சோதித்துப் பேணும் பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவர் பற்றாக்குறையே அதற்கு உடனடிக் காரணம். எனினும் செவிலியர்க்கு முன்னரே தெரிந்ததைச் செய்ய உரிமை வழங்குவதே அதன் உட்கருத்து. மருத்துவருள்ளும் செவிலியருள்ளும் எதிர்ப்பு மிகுந்திருந்தது. போர்டு அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து 2025 ஜனவரியில் மறைந்தார். தாம் தொடங்கிய பதவி அமெரிக்கா முழுதும் நிலைபெற்றதைக் கண்டே மறைந்தார்.

அப்பதவிக்குரிய படிப்பு தொலைநிலைக் கல்வியானது அதனினும் சுவையான கதை. கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதியில், சாலையற்ற காட்டூர்களுக்குக் குதிரை மீதேறிச் சென்று பேறு பார்க்கும் செவிலியர் படையொன்றை மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்னும் அம்மையார் 1925இல் அமைத்தார். தம் குழந்தைகள் இருவரையும் இழந்தவர் அவர்; பிறர் குழந்தைகளுக்காக அப்பணியை மேற்கொண்டார். 1939இல் அங்கே மருத்துவச்சிச் செவிலியர் பள்ளி ஒன்று எழுந்தது. ஐம்பது ஆண்டுகள் சென்றபின், 1989இல், அப்பள்ளி ஒரு துணிவான மாற்றத்தை மேற்கொண்டது. கிராமத்துச் செவிலியரைப் படிப்பதற்காக நகரத்திற்கு வரவழைத்தால், அவர் பெரும்பாலும் கிராமம் திரும்புவதில்லை. ஆகவே அவரை அவர் ஊரிலேயே இருத்தி, பாடங்களை அங்கே அனுப்பி, அருகிலுள்ள மருத்துவச்சி ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி பெறச் செய்தது. இடையிடையே மட்டும் மலைப்பள்ளிக்கு வந்து திறன்களைக் காட்டிச் செல்ல வேண்டும். அப்பள்ளி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் இன்று பல பல்கலைக்கழகங்கள் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைக் கணிப்பொறி வழியே நடத்துகின்றன. ஆனால் நேரடி மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனித்த மணிக்கணக்கு அங்கும் தவிர்க்க முடியாதது. முன்னர் 500 மணியாக இருந்த தேசிய அளவு 2022இல் 750 மணியாக உயர்ந்தது.

இந்தியா இவ்விஷயத்தில் வேறு வழியை மேற்கொண்டது. இந்திய நர்ஸிங் கவுன்சில், தீவிர சிகிச்சைக்குரிய நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் ஈராண்டு முதுகலைப் படிப்பை 2016, 2017 ஆண்டுகளில் கொண்டுவந்தது. மருத்துவமனையிலேயே தங்கி உழைத்துப் பயிலும் படிப்பு அது. ஐந்தில் ஒரு பங்கே ஏட்டுப்பாடம், நான்கு பங்கும் நோயாளியருகே. 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கையும் இத்தகைய பதவிகளை உருவாக்க வேண்டும் என்றது. ஆகவே இந்நாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர் பட்டத்தை வீட்டிலிருந்தே பெறலாம் என்று எவரேனும் விளம்பரம் செய்தால், அவர் விற்பது யாதென்று ஐயுறுவதே அறிவுடைமை. மூச்சுக்கருவி பொருத்திய நோயாளியைக் கவனிக்கும் தொழிலைக் கணிப்பொறித் திரையில் மட்டும் கற்றவரிடம் நம் தந்தையை ஒப்படைப்போமா?

எனினும் அப்பதவியின் உட்கருத்து வேறொரு வாயிலாக நம் கிராமங்களுக்கு வந்துவிட்டது. அவ்வாயில் மீண்டும் இக்னோவே. பட்டமோ பட்டயமோ பெற்ற செவிலியர்க்கு ஆறுமாதச் சமுதாய நலச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை அது 2017இல் தொடங்கியது. பாடநூல் பல்கலைக்கழகத்துடையது, பயிற்சி மாவட்ட மருத்துவமனை போன்ற இடங்களில். 2018இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ்த் துணைச் சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றத் தொடங்கியபோது, இப்படிப்பை முடித்தோர் அவற்றின் பொறுப்பாளராயினர். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவரைக் கண்டறிவதும், மருத்துவர் எழுதிய மருந்தைத் தொடர்ந்து வழங்குவதும், வேண்டும்போது மேலிடத்திற்கு அனுப்புவதும் அவர் பணி. கேரளத்தில் இவர்களை இடைநிலைப் பணியாளர் என்பர். பிராக்டிஷனர் என்னும் பெயர் இல்லை; மருந்து எழுதும் உரிமையும் குறைவு; ஆயினும் கொலராடோவில் 1965இல் எண்ணியதற்கு இந்தியாவில் மிக அணுக்கமானது இதுவே என்பது நம் கருத்து.

கோட்டைக் கொச்சியின் தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாக வெளுப்புத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடை வெளுக்க வந்தோரின் வழியினர் அவர். இன்று விடுதிகளின் துணியோடு மருத்துவமனைத் துணியும் அவர்கள் கல்லில் வெளுக்கிறது. இத்தகைய ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் செவிலியராகி, அதற்குமேல் பட்டமும் பெற விழைந்தால், குடும்பம் செலவிடுவது வெறும் பணமன்று. ஒரு தலைமுறையின் சேமிப்பு. அப்பணத்தை மதிப்பற்ற சான்றிதழ் ஒன்றில் இழக்க நேர்ந்தால் மீட்பது அரிது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில உரிய ஒப்புதலின்றி அஞ்சல்வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்களை நிறுத்திவைத்தது. அது செவிலியம் பற்றிய வழக்கன்று. எனினும் பல ஆண்டுகளுக்கு முன் பெற்ற பட்டம் ஒரே நாளில் கேள்விக்குறியாகலாம் என்பதை நாடு அன்று கண்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் தொலைநிலையில் நடத்தலாகாத படிப்புகளின் பட்டியலில் செவிலியத்தைச் சேர்த்து அறிவித்துள்ளது. ஆதலின் பழைய விளம்பரத்தையோ, முன்னர் பயின்ற தோழியின் சொல்லையோ நம்பிப் பணம் கட்டலாகாது. சேரும் ஆண்டில் அப்படிப்புக்கு ஒப்புதல் உண்டா என்பதை நர்ஸிங் கவுன்சிலிடமே எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். இந்த நர்ஸிங் கவுன்சில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதன் இடத்தில் புதிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருப்பதால், விதிகள் மேலும் மாறுதல் கூடும்.

அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் கணிப்பொறி வழியே வழங்கும் பட்டத்தைப் பற்றியும் சிலர் வினவுகின்றனர். அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் அந்நாட்டில் செவிலியர் உரிமம் பெற்றவரையே சேர்க்கும். நேரடிப் பயிற்சியையும் அங்கேயே கேட்கும். ஆகவே எர்ணாகுளத்தில் இருந்துகொண்டு அதனை முடித்துவிடலாம் என்பது நடவாத காரியம். அங்கே குடியேறிய செவிலியர்க்கோ அது உண்மையான வாய்ப்பு. நம் நாட்டுப் பெண்கள் பலர் அவ்வழியே உயர்ந்துள்ளனர்.

பிறமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு மட்டும் உரிய ஒரு தடையும் உண்டு; அதனைப் பலர் கடைசி நாளிலேயே அறிகின்றனர். தமிழகத்தில் பயின்றவரின் பெயர் சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் மன்றப் பதிவேட்டில் இருக்கும். கேரளத்திலோ மகாராஷ்டிரத்திலோ பணிபுரிவதற்கு அம்மாநில மன்றத்தில் பதிவு வேண்டும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பதிவுச் சான்றும் அனுபவச் சான்றும் ஒன்றோடொன்று இசையவேண்டும். பதிவு ஓரிடத்திலும் பணி வேறோரிடத்திலும் இருப்பின் கேள்வி எழும். சென்னை மன்றத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற்று, கொச்சியில் இருப்பவராயின் திருவனந்தபுரத்திலுள்ள கேரள மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகலாம். ஆகவே இதனை முடித்துக்கொண்டு, பணிபுரியும் மருத்துவமனையிலிருந்து நாள் குறித்த அனுபவச் சான்றையும் பெற்று வைத்துக்கொண்டு, அதன் பின்னரே படிப்பு விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுப்பது நன்று.